நீலம் கழுவிய விரல்

அருப்புக்கோட்டையில் நான் வந்த பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு நடக்கிறது. வரிசையின் கடைசியில் நிற்பவர் நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் நகக்கண்ணில் இன்னும் நீலம் மிச்சமிருக்கிறது.

"போன தடவ வெரலு நீலமா இருக்கவும், ஏற்கெனவே மை வச்சாச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாக," என்கிறார். "அதான் எட்டு நாளா சாயத்துல கை வைக்கல. மொதலாளியே கூலியோட லீவு விட்டுட்டாரு."

"எதுக்கு?" என்று கேட்கிறேன்.

"பட்டறை ஓட்டு அம்புட்டும் தன் கட்சிக்குத்தான்னு அவருக்கு நெனப்பு."

"அப்படித்தானே போடுவீங்க?"

சன்னலுக்குள்ளே சாக்குத் தட்டி தெரிகிறது. அதற்குப் பின்னால் போய்த்தான் சீட்டில் முத்திரை குத்த வேண்டும். அதையே பார்க்கிறார்.

"அதுக்கு அங்கிட்டு ஒராளுதானய்யா போக முடியும்," என்று சொல்லிவிட்டு, வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்கிறார்.