காதில் வயர் மாட்டியவர்

எங்கள் அப்பா யாரையும் நம்பமாட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரை அறவே நம்பமாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நெசவாளியான அவர் யோசித்து யோசித்துப் போட்ட ஒரு கரை, பஸ்ஸில் பேசியது யார் காதிலோ விழுந்து, புடவை தறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே அடுத்த தெருக்காரர் தறியில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து வெளியே போனால் புடவைப் பேச்சு தெலுங்கில்தான். பக்கத்து வீட்டுச் சாயக்காரர் குடும்பத்திடம் அப்பாவும் அம்மாவும் பொறுக்கிக்கொண்ட தெலுங்கு அது. காஞ்சிபுரத்தில் தெலுங்கு புரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தாலும் அதை ரகசிய மொழி என்றே அப்பா நம்பினார்.

எனக்கு எட்டு வயது இருக்கும். மெட்ராஸில் ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் புடவை கொண்டுபோனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, அவள் மடியில் நான், அடுத்து அப்பா, அப்பாவின் மடியில் பை. ராஜகுளத்தில் ஏறிய ஒரு பெரியவர் மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்து பூந்தமல்லிக்கு டிக்கெட் வாங்கினார். அவர் சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் கிளம்பிக் காதுக்குள் போயிருந்தது.

டிரான்சிஸ்டராக இருக்கும் என்றுதான் அப்பா முதலில் நினைத்தார். ஆனால் அந்த முகத்தில் பாட்டுக் கேட்கிற களையே இல்லை. நாங்கள் பேசும்போதெல்லாம் அவர் விரல் பெட்டியைத் திருகியது. தலையும் எங்கள் பக்கம் சாய்ந்தது.

"கல்யாணப் பொடவைங்களா?" என்று கேட்டார்.

"பழைய துணிங்க" என்றார் அப்பா.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் அப்பா தெலுங்குக்கு மாறினார். அதன் சாரம் எனக்கே புரிந்தது. அது பேச்சைப் பிடிக்கிற பெட்டி. கட்சிக் கூட்டத்தில் அப்படி ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். இந்த ஆளை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கடைசியாக, "மாட்லாடவத்து" என்றார். பேசாதே என்று அர்த்தம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அரக்கு ஒடம்புக்கு மாம்பழக் கரைன்னு பொடவையப் பத்தி முன்னாடியே சொல்லித் தொலச்சிட்டேனே!" என்று தமிழிலேயே புலம்பினாள்.

பெரியவர் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு காதிலிருந்து வயரைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றிக் கட்டி, அப்பாவின் கண்ணில் படும்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா, கையும் களவுமா மாட்டிக்கினான்" என்று அப்பா முணுமுணுத்தார்.

பூந்தமல்லி வந்தது. கண்டக்டர் கத்தினார். கூட்டம் இறங்கியது. பெரியவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பியதும் அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"எறங்கல பாரு. நம்ம கூடவே வரான்."

அம்மா என்னை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பஸ் முழுக்க ஆட்கள் இருந்தும் எனக்கு அழுகை வந்தது.

வேலப்பன்சாவடி நெருங்கும்போது கண்டக்டர் வந்து பெரியவரின் தோளைத் தட்டினார். "பூந்தமல்லி பூந்தமல்லின்னு தொண்ட கிழிய கத்தினேனேபா! காது இன்னா செவுடா?"

பெரியவர் திடுக்கிட்டு எழுந்தார். கோபப்படவில்லை. இறங்கப் போனவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "ஒஸ்தானம்மா. பெள்ளி பாக ஜரகாலி" என்றார். போய் வருகிறேன் அம்மா, கல்யாணம் நன்றாக நடக்கட்டும் என்று சுத்தமான தெலுங்கில் சொன்னார்.

அப்பா பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "தெலுங்கும் கத்துக்கினு வந்துக்கிறான் பாரு, திருட்டுப் பய!"

நான் எட்டிப் பார்த்தேன். அவர் வெயிலில், வந்த வழியே பூந்தமல்லியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

காது மந்தமானவர்களுக்கென்று ஒரு கருவி இருப்பது அப்போது எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. எனக்கு அது தெரியவர எத்தனையோ வருஷம் ஆனது. நாங்கள் பயமில்லாமல் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு மனிதர் தன் காதையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார் என்பதும் அதற்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், அடிதடி இல்லாமல் ஒரு திருடனைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டாரே எங்கள் அப்பா என்ற பெருமை மட்டும்தான்.