பொட்டு வைக்கப் போய்ச் சாய்ந்த டூல்ஸ் பெட்டி

மொரப்பூரில் என் கணவர் பம்புசெட் மெக்கானிக். எழுபத்திரண்டாம் வருட ஆயுத பூஜையன்று, பட்டறை மேசைமேல் இருந்த அவருடைய பழைய இரும்பு டூல்ஸ் பெட்டிக்குப் பொட்டு வைக்கப் போனேன். ஒரு டிராயரும் விட்டுப்போகக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துவிட்டேன். குனிந்து கீழ் டிராயருக்குக் குங்குமம் வைக்கையில், பெட்டி என் தலைக்கு நேராகச் சாய்ந்தது.

"யக்கா, நவுருங்க!"

பொரி வாங்க வந்த பக்கத்துக் கடைத் தையல்காரர் அந்தோணி பாய்ந்து வந்து பெட்டியைத் தாங்கிக்கொண்டார். ஸ்பேனர் விழுந்து அவர் கால்தான் வீங்கியது.

"எல்லாத்தையும் இழுத்தா பாரம் முன்னாடி வந்துருமில்ல?" என்றார் என் கணவர், டிராயர்களை உள்ளே தள்ளிக்கொண்டே.

அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் டிராயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சாக்கின்மேல் வைத்துத் துடைத்து, எண்ணெயிட்டு, அங்கேயே பொட்டு வைக்கிறேன். முதல் பொரிப் பொட்டலம் அந்தோணிக்குத்தான். பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவார்.