கட்டுப் போடாத இருபது நிமிடங்கள்

முதலில் மரத்தது அவருடைய உதடு. "வாயைச் சுத்தி எறும்பு ஊருறமாதிரிக் கிடக்கு" என்று என் கணவர் சொன்னபோது, சிலந்தி கடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. நான் அவருடைய விரலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் மன்னாரிலிருந்து வந்து சிட்னியின் புறநகரான கிரவீனில் குடியிருப்பவர்கள். அவர் பஸ் ஓட்டினார். நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்தேன். அவருடைய இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் (அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) இருந்தது. இரண்டு நாள் மழை விட்டிருந்த அந்தக் காலையில், பின்வளவில் கல்மதிலோரம் கிடந்த தோட்டக் கையுறையை உதறாமல் மாட்டினார். உள்ளே ஃபனல்-வெப் சிலந்தி இருந்தது.

அதைக் கண்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். கறுத்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில், கல்லுக்கும் விழுந்த மரத்துக்கும் அடியில் குழிக்குள் வலை பின்னி இருக்கும். வாசலில் சில நூல்களை நீட்டிவிட்டு, அவற்றில் ஏதாவது இடறும்வரை காத்திருக்கும். பெண் சிலந்தி பெரும்பாலும் வெளியே வராது. ஆண்தான் வெக்கை மாதங்களில் பெண்ணைத் தேடி இரவில் அலையும், மழைக்குப் பிறகு இன்னும் அதிகம். விடிந்ததும் சப்பாத்து, தரையில் கிடக்கும் துணி என்று வெயில் படாத இடத்தில் ஒதுங்கிவிடும். நஞ்சு கூடியதும் ஆணுக்குத்தான். சிட்னியில் எங்கள் பக்கத்தில் அது இல்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

கையுறையைத் தூர எறிந்துவிட்டு வந்தார். கடித்தது எந்தச் சிலந்தி என்று அப்போது இருவரும் பார்க்கவில்லை. ரெட்பேக் (முதுகில் சிவப்புக் கோடுள்ள வேறொரு சிலந்தி) கடித்தால் ஐஸ் வைக்கச் சொல்லி வேலையிடத்தில் பழக்கியிருந்தார்கள். நான் அதைத்தான் செய்தேன். அவர் நடந்து திரிந்தார், முகம் கழுவினார், சேட் மாற்றினார்.

செய்திருக்க வேண்டியது வேறு. அவரை அசையவிடாமல் இருத்தி, விரலிலிருந்து தோள்வரை இறுக்கமாகத் துணி சுற்றி, கை மடங்காமல் ஒரு தடியை வைத்துக் கட்டி, உடனே அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். சுற்றுவதற்குரிய பன்டேஜ் எங்கள் அலமாரியில் பிரிக்காமலே இருந்தது.

உதடு மரத்த பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. வியர்வை ஓடியது. வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வடிந்தது. தோலுக்குக் கீழே தசை துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான் அம்புலன்ஸுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் குசினித் தரையில் விழுந்தார். மூச்சும் நாடியும் நின்றுவிட்டன. மறுமுனையிலிருந்த பெண் எண்ண எண்ண, நான் அவருடைய நெஞ்சை அழுத்தினேன். அம்புலன்ஸ் வந்த பிறகுதான் இதயம் திரும்பத் துடிக்கத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் அன்ரிவெனம் (நஞ்சை முறிக்கும் மருந்து) ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் டொக்டர் தமிழ்நாட்டுக்காரர். ஐந்தாம் நாள் என்னையும், மெல்பேர்ணிலிருந்து வந்திருந்த மகளையும் உட்காரவைத்துப் பேசினார்.

"விஷம் முறிஞ்சிருச்சும்மா. ஆனா மூளைக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் போகல. அந்தப் பாதிப்பு இனிச் சரியாகாது."

நேரத்துக்குக் கட்டுப் போட்டிருந்தால் என்று கேட்டேன். மகள் என் கையைப் பிடித்தாள். டொக்டர் பார்வையை விலக்கவில்லை.

"வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

ஏழு மாதமாகிறது. எழுப்பி நிறுத்தினால் அவருடைய கால்கள் உதறுகின்றன. பழையதெல்லாம் நினைவிருக்கிறது, புதிதாக எதுவும் தங்குவதில்லை. நடுங்கும் தன் கையைப் பார்த்து, "எனக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார். சிலந்தி கடித்தது என்பேன். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திடுக்கிடுவார்.

ஒரு மத்தியானம் முழுவதையும் சொன்னேன். "நான் கட்டுப் போடேல்லையப்பா. ஐஸை வைச்சுக்கொண்டு இருந்திட்டன்."



"உமக்குத் தெரியாதுதானே" என்றார். என் தலையைத் தடவ முயன்றார். கை காதில் இடித்தது.

தேத்தண்ணி ஆறுவதற்குள் மறுபடியும், எனக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பகுதியை நான் சொல்வதில்லை.

மகள் ஞாயிறுதோறும் அழைத்து முன்னேற்றம் உண்டா என்று கேட்பாள். அவள் அழைத்தால்தான் அன்று ஞாயிறு என்று எனக்குத் தெரிகிறது. மற்றபடி மருந்து வேளை, கழுவும் வேளை, திருப்பிப் படுக்கவைக்கும் வேளை. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது அவர் என் வலத்தோளைத்தான் பிடிப்பார். இப்போது கடைக்குத் தனியாகப் போனாலும் அந்தத் தோளைத் தாழ்த்திக்கொண்டே நடக்கிறேன். நிமிர்த்திப் பார்த்தேன். வலிக்கிறது.