ஒரு மைல் ஓட்டமும் நான் ஊற்றிய தண்ணீரும்

விருதுநகரில் ஒரு கல்லூரி மைதானத்தில் மார்க்கராக இருந்தேன். கூட்டுவது, வலை கட்டுவது, கோடு போடுவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட அது போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு முந்தின ஒரு வருசம், வெளியூர்க் கல்லூரிகள் முதன்முதலாக எங்கள் மைதானத்துக்கு ஓட வந்தன. ஒரு வாரம் முன்னாலேயே விடுதிப் பையன்களிடம் ஒரே பேச்சு. எதில் யார் முதல், யார் இரண்டாவது என்று.

என்னிடமும் கேட்டார்கள். எனக்கு ஓட்டம் தெரியாது, கால்தடம் தெரியும். தினமும் கூட்டுமுன் பார்ப்பேன். ஏழாயிரம்பண்ணைப் பையன் ஒருவன் வெறுங்காலில் ஒரு மைல் ஓடுவான். நாலு சுற்றிலும் அவன் வைக்கிற ஒவ்வொரு எட்டும் ஒரே தூரம். குதிகால் அழுந்தவே அழுந்தாது.

"ஒரு மைல் ஏழாயிரம்பண்ணைக்குத்தான்" என்றேன்.

"குறி சொல்றீகளே அண்ணாச்சி, உடுக்கை எங்க?" என்றான் ஒருத்தன்.

"உடுக்கை எதுக்குலே? காலைப் பாத்தேன், சொல்லுதேன்."

சாயங்காலம் அந்தப் பையனே தனியாக வந்தான்.

"நெசமாவா சொன்னீக அண்ணாச்சி?"

"ஆமா."

"எங்கய்யா பாக்க வாராரு. செயிச்சா ஓடு, இல்லேன்னா ஓட்டத்தை இதோட விட்டுருன்னுட்டாரு."

"வரட்டும்" என்றேன்.

போட்டிக்கு முந்தின நாள் விளையாட்டு வாத்தியார் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். வந்தவர்கள் கண்ணில் தூசி விழக்கூடாது என்றார். மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவந்தோம். எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. ஆனாலும் விருந்தாளிக்குத் தண்ணீரில் குறை வைத்தார்கள் என்று பேர் வரக்கூடாது. மேற்கு வளைவில் புழுதி அதிகம். அங்கே மட்டும் இரண்டு பீப்பாய் சேர்த்து ஊற்றினேன்.

மறுநாள் மதியம் ஒரு மைல் விட்டார்கள். ஆறு பேர். வெளியூர்ப் பையன்களில் ஒருத்தன் ஆணி வைத்த பூட்ஸ் போட்டிருந்தான். நம்ம பையன் முதல் சுற்றிலிருந்தே முன்னால் போனான். முதல் இரண்டு சுற்றில் வளைவு தாங்கியது. மூன்றாவதில் தரையின் மேல்தோல் பிளந்து அடியில் இருந்த ஈரம் வெளியே வந்துவிட்டது. கரிசல் அவன் காலைப் பிடித்துக்கொண்டது. அடிக்கு அடி அப்பியது. ஆணிக்காரன் குத்திக் குத்திப் போய்விட்டான். நாலாவது சுற்றில் இரண்டு கை தூரத்தில் நம்ம பையன் இரண்டாவது.

நான் சுண்ணாம்பு வாளியோடு நின்றேன். கரிசலில் பிறந்தவன் நான். மழை பெய்த மறுநாள், மண் காலில் அப்பும் என்று, விதைக்கிற காட்டுக்குள் யாரும் இறங்கமாட்டோம். அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. காய்ந்த தரையில் தடம் பார்த்துச் சொன்னேன், ஈரத்தை நானே ஊற்றிவிட்டேன்.

அவன் அய்யா வந்தார். பருத்தி போடுகிற சம்சாரி. மகன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவர் பக்கத்தில் குத்தவைத்தார். குச்சி ஒடித்து அவன் உள்ளங்காலில் இருந்த மண்ணைச் சுரண்டினார். ஒரு கட்டியைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"யாரு இங்கன தண்ணி ஊத்துனது?"

"நாந்தான்."

"நீங்க எந்த ஊரு?"

"விஸ்வநத்தம் பக்கம். காடு இருந்துச்சு."

"காடு இருந்தவுக செய்யிற வேலையா இது?"

வாளியைக் கீழே வைத்தேன். பையன் தலையைத் தொங்கப்போட்டிருந்தான்.

"எந்திரிலே" என்றார் அவனிடம். "கால்ல ஒரு வண்டி மண்ணைக் கட்டிக்கிட்டு ரெண்டாவதா வந்திருக்க. இன்னொரு வருசம் ஓடு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த தடவை அளவா ஊத்துங்க அண்ணாச்சி."

"சரி" என்றேன்.

அந்தக் கோடையில் மேற்கு வளைவைக் கொத்தி எடுத்தேன். ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து காலில் ஒட்டாத சரள் மண் மூன்று வண்டி வந்தது. நானே கொட்டி இடித்தேன். அடுத்த வருசமும் போட்டிக்கு முன்னால் விடுதிப் பையன்கள் வந்து கேட்டார்கள், ஒரு மைல் யாருக்கு என்று. தடம் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.