குரல் எட்டாத கடற்கரை

நம் குரல் எட்டாத தூரத்துக்கு ஓடிவிடக்கூடிய ஒருவரை எதைக் கொண்டு பிடித்து வைப்பது? நோரீன் ஹாகர்டியின் வாழ்க்கை ஒரு கோடை முழுக்க இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அவள் இப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. அவள் கேட்டதெல்லாம், "இந்த வருஷம் எந்த பீச்சுக்குப் போறது?" என்பதுதான்.

நோரீன் குரலால் பிழைப்பவள். பிலடெல்பியாவின் வடகிழக்கில், வீட்டு ஹீட்டர்களைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் போன் எடுப்பது அவள் வேலை. ஜனவரிக் குளிரில் ஹீட்டர் நின்றுபோய் ஆத்திரத்தோடு கூப்பிடுகிறவர்களை, மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசியே ஆற்றி வைப்பாள். சின்ன வயதில் அவள் வாசற்படியில் நின்று கூப்பிட்டால் நாலு தெரு தள்ளி நாய்கள் எழுந்து நிற்கும் என்று அவளுடைய அண்ணன் ஓவன் சொல்வான். அவன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்; ஆனால் நாய் விஷயத்தை அந்தத் தெருவில் யாரும் மறுத்ததில்லை.

அவளுடைய மகள் மேவ் பிறந்தபோதே காது கேட்காதவள். விதியின் விளையாட்டைப் பார்த்தாயா என்று ஒன்றிரண்டு பேர் ஆரம்பித்தார்கள். நோரீன் அவர்களுடைய போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு வயதானதும் ஆபரேஷன் செய்து மேவின் தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு வில்லை, காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். வில்லை இருந்தால் மேவுக்கு உலகம் கேட்கும். எடுத்துவிட்டால் ஒன்றும் கேட்காது. இரண்டு வயது தாண்டியதும் 'பால்', 'நாய்', 'வேண்டாம்' எல்லாம் வாயால் வந்தன. அதற்கு முன்பே கையால் பேசவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நோரீனுடைய கணவன் கர்ட் அந்தக் கைமொழியை ஆர்வமாகப் படித்தான். நோரீனுக்கு அது வரவில்லை. கடையில், பஸ்ஸில், நாலு பேர் பார்க்கக் கையை ஆட்டிப் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வாய்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

கடற்கரையில்தான் சிக்கல். அந்த வில்லைக்கு உப்பும் மணலும் ஆகாது. தண்ணீர் புகாத உறை ஒன்று உண்டு. மேவ் அதைப் பிய்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள், இரண்டு முறை. ஆக, கடலோரத்தில் மேவுக்கு எதுவும் கேட்காது. போதாக்குறைக்கு அவள் நடப்பதில்லை. ஓடத்தான் தெரியும்.

ஹாகர்டிகள் சீ ஐல்காரர்கள், அதாவது கோடைக்கு நியூ ஜெர்சிக் கரையில் சீ ஐல் என்ற ஊருக்குப் போகிறவர்கள். ஜெர்சிக் கரையில் ஊருக்கு ஊர் பீச் இருந்தாலும், பிலடெல்பியாவில் ஒரு குடும்பம் ஒரு ஊருக்குத்தான் போகும். அப்பா போன ஊர், அதே தெரு, முடிந்தால் அதே வீடு, ஆகஸ்டில் அதே வாரம். அந்த வாரத்தை ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தால் வேறு குடும்பம் பிடித்துக்கொள்ளும். பிறகு கேட்டாலும் கிடைக்காது. ஊரை மாற்றுகிறவர்களைப் பற்றி, மதம் மாறியவர்களைப் பற்றிப் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

நோரீன் மார்ச் மாதமே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"இந்தத் தடவை நாங்க வரல, ஓவன். லூயிஸ்ங்கிற ஊருக்குப் போறோம். டெலவேர்ல."

"டெலவேரா? அங்க தண்ணி இருக்கா?"

"அலை இல்ல. அதான் வேணும்."

"அலை இல்லாத கடலுக்குக் குளம்னு பேரு, நோர். பேசாம வீட்டுக் குளியல் தொட்டில கொஞ்சம் உப்பைப் போட்டு உக்காந்துக்கோ, பெட்ரோலாவது மிச்சம்."

"டேக் கூட வேணாமாம் அங்க."

சீ ஐலில் நீச்சலுடையில் காசு கொடுத்து வாங்கிய அந்த வருஷத்து டேக்கைக் குத்திக்கொள்ளாமல் மணலில் கால் வைக்க முடியாது. ஓவன் தன் பழைய டேக்குகளை எல்லாம் ஒரு தொப்பியில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறான்.

"டேக் கேக்காத பீச்சா? யார் வேணா வரலாமா? அது பீச் இல்லம்மா, பஸ் ஸ்டாண்டு."

"ஓவன், அவ ஓடுவா. அந்த வில்லையக் கழட்டிட்டா நான் கூப்பிடறது அவளுக்குக் கேக்காது. சீ ஐல்ல அலை ஆள் உசரத்துக்கு வரும்."

ஓவனின் குரல் இறங்கியது. "நாங்க எல்லாரும் இருப்போம்ல? எத்தன ஜோடிக் கண்ணு!"

"எல்லாரும் இருந்தா, ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க பாக்கிறாங்கன்னு நெனச்சுக்குவாங்க. அப்படித்தான் பிள்ளைங்க தொலையுது."

ஓவன் அந்த வாரத்துக்கு முழு வீட்டையும் தன் பேரிலேயே எடுத்துக்கொண்டான். மேவுக்காக வாங்கியிருந்த மடக்குக் கட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கர்ட் அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவே வளர்ந்தவன். கல்யாணத்துக்கு முன்பு கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். எல்லாக் கடலும் அவனுக்கு ஒரே கடல். ஆனால் பிள்ளையோடு எங்கே தங்குவது என்று தேடுவதில் இறங்கிவிட்டான். வாசலுக்குக் கேட் இருக்கிறதா, மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா, மத்தியானத் தூக்கத்துக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாமா, தண்ணீர் எவ்வளவு தூரத்துக்கு முழங்காலைத் தாண்டாது என்று முன்பின் தெரியாதவர்களிடம் எழுதிக் கேட்டான். ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'எங்கள் பையன் அங்கே முழுகப் பார்த்தான், முடியவில்லை.' கர்ட் அதை நோரீனுக்கு வாசித்துக் காட்டினான். அவள் அன்றே லூயிஸில் வீட்டைப் பேசி முடித்தாள்.

லூயிஸ் சொன்னபடியே இருந்தது. வளைகுடாத் தண்ணீர் தட்டில் ஊற்றிய கஞ்சி போல அசையாமல் கிடந்தது. மேவ் ஓடினாள், எவ்வளவு ஓடியும் தண்ணீர் அவள் தொடைக்கு மேல் ஏறவில்லை. நோரீன் முதல் நாள் நிம்மதியாக மூச்சு விட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் ஒன்றைக் கவனித்தாள். அந்தக் கரையில் அம்மாக்கள் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையில் புத்தகம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அவ்வப்போது ஒரு குரல்: "ஈதன், போதும், திரும்பு!" ஈதன் திரும்பினான். "கிளாரா, தொப்பி!" கிளாரா தொப்பியைப் போட்டுக்கொண்டாள். அலை இல்லாத ஊர் என்பதால் பேச்சு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரியாத நூலில் கட்டியது போல இழுத்த இழுப்புக்கு வந்தார்கள். நோரீன் மட்டும் காலையிலிருந்து மத்தியானம்வரை மேவின் பின்னால் குனிந்தபடி ஓடிக்கொண்டிருந்தாள்.

மேவ் ஒரு அம்மாளின் பைக்குள் கையை விட்டு ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். "பாப்பா, வெச்சிரு!" என்றாள் அந்த அம்மாள். மேவ் வைக்கவில்லை. "பாப்பா! உன்னத்தான்!" மேவ் தோலை உரிக்கத் தொடங்கினாள். அந்த அம்மாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம், "சொன்னாக் கேக்காத பிள்ளை" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, சும்மா சொன்னாள்.

நோரீன் மன்னிப்புக் கேட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் சொன்னது தப்பில்லை, ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

அன்று சாயங்காலம் ஓவன் போன் செய்தான். "உங்க குளத்துலேருந்து கப்பல் விடறானாமே, எங்க பக்கத்து ஊர் கேப் மேக்கு? நாளைக்கு வாங்க. ஒரே ஒரு நாள். பசங்க மேவக் கேக்கறாங்க. நீ அவளக் கையிலேயே வெச்சுக்கோ, கீழ எறக்கவே வேணாம்."

கர்ட் அவள் முகத்தைப் பார்த்தான். "போவமா?"

"கீழ எறக்க மாட்டேன்," என்றாள் நோரீன்.

மறுநாள் சீ ஐல் வீட்டு வாசலில் ஓவன் காத்திருந்தான். கையில் ஒரு ஷூ டப்பா. அதை மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினான். உள்ளே சாண்ட்விச்.

அந்தக் காலத்தில் காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புகிறவர்கள் சாப்பாட்டை ஷூ டப்பாவில் கட்டி வருவார்களாம். தங்காமல் போகிறவர்களுக்கு அதனால் 'ஷூபி' என்று பேர். ஜெர்சிக் கரையில் அதைவிடக் கேவலமான வசை குறைவு. நோரீனே சின்ன வயதில் எத்தனையோ பேரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஹாகர்டி வீட்டுப் பொண்ணு ஷூபியா வந்து நிக்கிறா," என்றான் ஓவன். "அப்பா இருந்திருந்தா தாங்கியிருக்க மாட்டார்."

"மூடுடா," என்று சொல்லிவிட்டு நோரீன் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தாள்.

ஓவன் தொப்பியிலிருந்து ஒரு பழைய டேக்கைக் கழற்றி மேவின் நீச்சலுடையில் குத்தினான். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு டேக் தேவையே இல்லை. "சட்டத்துக்கு இல்ல, குடும்பத்துக்கு," என்றான்.

மணல்மேட்டைத் தாண்டியதும் சத்தம் வந்து மோதியது. காற்றும் அலையுமாக ஒரே இரைச்சல். வருஷா வருஷம் கேட்டதுதான். ஆனால் லூயிஸின் அமைதிக்குப் பிறகு அது புதிதாக இருந்தது. கர்ட் ஏதோ சொன்னான். அவன் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. ஓவன் தண்ணீரில் நின்ற தன் பையன்களைக் கூப்பிட வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டி, பிறகு கையை வாயருகே கொண்டுபோய்ச் சாப்பாடு என்று காட்டினான். பெரியவன் பதிலுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் என்று ஐந்து விரலைக் காட்டினான். ஓவன் கட்டை விரலால் கழுத்தை அறுப்பது போலக் காட்டினான். பையன்கள் கரையேறினார்கள். கரை நெடுக அதே கதைதான்: குடைக்கடியில் ஒரு பெண் எழுந்து நின்று கையை வளைத்து மகனை இடப்பக்கம் வரச் சொன்னாள், ஒரு கிழவர் கடலுக்குள் நின்ற மனைவியிடம் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

கர்ட் மேவின் வில்லையைக் கழற்றி டப்பாவில் வைத்தான். நோரீன் அவளை இடுப்பில் இறுக்கி வைத்திருந்தாள். இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருப்பேன் என்று சொல்வது எளிது. மேவ் உடம்பை வில்லாக வளைத்து, வழுக்கி, மணலில் இறங்கி, நேராகத் தண்ணீரை நோக்கி ஓடினாள்.

"மேவ்!"

நாய்களை எழுப்பிய அந்தக் குரலைக் காற்று பிய்த்துப் பின்னால் எறிந்தது. அவளுக்கே அது கேட்கவில்லை. ஓவன் பின்னால் ஓடி வருவது தெரிந்தது. எல்லோரும் தூரத்தில் இருந்தார்கள்.

தண்ணீரின் ஓரத்தில் உயிர்காப்பாளரின் உயரமான வெள்ளை நாற்காலி நின்றது. அதன்மேல் ஒரு இளம்பெண் எழுந்து நின்று, அடுத்த நாற்காலிக்காரனுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை பக்கவாட்டில், பிறகு இரண்டும் மாறி. விசில்கூட எட்டாத தூரத்துக்கு அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

மேவ் நின்றாள். அலையின் நுரை கணுக்காலை நனைத்துக்கொண்டு போனதை அவள் பார்க்கவே இல்லை. அண்ணாந்து அந்தப் பெண்ணையே பார்த்தாள். பிறகு ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். இன்னொன்றைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

நாற்காலிப் பெண் குனிந்து பார்த்துச் சிரித்தாள். பதிலுக்குக் கையைத் தூக்கினாள். மேவ் உடனே தன் இரண்டு கை விரல்நுனிகளையும் ஒன்றோடொன்று தட்டினாள். வீட்டில் அவள் அடிக்கடி செய்கிற சைகை.

நோரீன் வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

நாற்காலிப் பெண் இறங்கி வந்தாள். காதருகே குனிந்து கத்திக் கேட்டாள்: "என்ன சொல்றா?"

"'இன்னும்'ங்கிறா!"

"இன்னும் என்ன?"

நோரீன் யோசித்தாள். "தெரியல!"

அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு மேலே ஏறி, இன்னும் காட்டினாள். மேவ் ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்தாள், பாதி தப்பாக. கொஞ்ச நேரத்தில் ஓவனின் சின்னவன் வந்து பக்கத்தில் நின்று தானும் செய்தான். நோரீன் மகளின் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்தாள். மேவ் அவளைத் திரும்பிப் பார்த்தபோது, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் விரல்நுனிகளைச் சேர்த்துத் தட்டினாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அந்தக் கரையில் எல்லோர் கையும் காற்றில்தான் இருந்தது.

இதனால் மேவ் ஓடுவதை நிறுத்திவிடவில்லை. அன்று மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று தடவை ஓடினாள். ஒரு தடவை ஓவன் மண்டியிட்டு விழுந்து பிடித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான்.

சாயங்காலம் கப்பலுக்குக் கிளம்பும்போது ஓவன் கார் ஜன்னலில் சாய்ந்தான்.

"வீட்டு ஓனர் கேட்டுட்டிருக்கார், அடுத்த வருஷத்துக்கு நம்ம வாரம் வேணுமா வேணாமான்னு. நான் யோசிச்சுட்டேன். விட்டுடலாம் நோர். நாங்க எல்லாரும் உங்க குளத்துக்கே வந்துடறோம். பசங்களுக்கும் மேவ் இல்லாம இந்த வாரம் உப்புச்சப்பில்லாமத்தான் போச்சு."

"டேக் இல்லாத பஸ் ஸ்டாண்டுக்கா?"

"தொப்பி வெச்சுக்கறேன், முகம் தெரியாம."

நோரீன் அவன் கன்னத்தைத் தட்டினாள். கர்ட் காரை எடுத்தான். தெருமுனையில் சிவப்பு விளக்கு, கார் நின்றது.

"நோர்!" ஓவன் வாசலிலிருந்து கத்தினான். "அவர்கிட்ட என்னன்னு சொல்ல?"

அவளுக்குக் கேட்டது. அங்கிருந்து அவள் வாயைத் திறந்திருந்தால் அவனுக்கும் கேட்டிருக்கும், அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவள் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டினாள். இங்கேயே. அவனுக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு தடவை காட்டினாள்.

பின் இருக்கையில் மேவ் அரைத்தூக்கத்தில் விரலை நீட்டித் தரையைக் காட்டினாள்.

கப்பலில் கர்ட் ஏன் என்று கேட்டான். அவ்வளவு தேடி, அவ்வளவு பேருக்கு எழுதிக் கண்டுபிடித்த ஊரை ஏன் விட்டாள் என்று அதற்குப் பிறகும் பல தடவை கேட்டிருக்கிறான். அடுத்த ஆகஸ்டிலும், அதற்கடுத்த ஆகஸ்டிலும் அவர்கள் சீ ஐலுக்குத்தான் போனார்கள். நோரீன் காரணம் சொல்லவே இல்லை.