சிலிண்டரில் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்கள்

என் கணவர் துபாய்த் துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். அதை விட்டுத் திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கே வந்தபோது, முதுகில் கட்டிக்கொண்டு முங்கும் அலுமினிய சிலிண்டர் ஒன்றைப் பாண்டிச்சேரியில் பழையதாக வாங்கி வந்தார். வயல்காட்டில் அது எதற்கு என்று கேட்டேன். “மதகுல, கிணத்துல எவ்வளவு வேலை கெடக்கு” என்றார்.

விளைநிலத்தில் எரிவாயுக் கிணறு தோண்டப் போகிறார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. வேனிலிருந்து சிலிண்டரை இறக்கியதும், பல வருஷம் வெளிநாட்டில் இருந்தவரை அடையாளம் தெரியாமல் எதிர்வீட்டு அக்கா வழியை மறித்தார்.

“கேஸ் கம்பெனி சாமானை ஊருக்குள்ள கொண்டாறியா?”

“அக்கா, இவரு என் வீட்டுக்காரரு. உள்ள இருக்கறது வெறும் காத்துதான்.”

யாரும் நம்பவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. என் கணவர் போராட்டக்காரர்கள் வைத்திருந்த பச்சை ஸ்டிக்கர் கட்டை வாங்கி, ‘விளைநிலத்தைத் தொடாதே’ என்று சிலிண்டர் முழுக்க ஒட்டினார். அக்காவே முதலில் சிரித்தார். அதன்பின் எல்லா ஆர்ப்பாட்டத்துக்கும் அவரும் அக்காவும் சேர்ந்தே போனார்கள்.

கிணறு தோண்டும் பேச்சு ஓய்ந்த பிறகு, காற்று அடைக்க சிலிண்டரைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் மறுத்துவிட்டார். ஸ்டிக்கருக்கு அடியில் அரிப்போ கீறலோ இருந்தால் தெரியாதாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வரச் சொன்னாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் உட்கார்ந்தோம். நான் கத்தியை எடுத்தேன். “ஐயோ, வேணாம்! கீறல் விழுந்தா சிலிண்டரே போச்சு” என்று பிடுங்கிக்கொண்டார். நெருப்பில் வாட்டவும் கூடாதாம். சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய வேட்டியை நனைத்துச் சுற்றி வைத்தோம். ஊறியதும் காகிதம் திட்டுத் திட்டாக உரிந்தது. பசை மட்டும் போகவில்லை. வால்வில் எண்ணெய் படாமல் அதை பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டிவிட்டு, தேங்காய் எண்ணெயில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவினோம்.

சத்தம் கேட்டு வந்த அக்கா, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பசை சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு வந்தது.

“தண்ணிக்குள்ள எப்படி தம்பி இருக்கும்?”

“நம்ம மூச்சு நமக்கே கேக்கும். வேற சத்தமே இருக்காதுக்கா.”

நாலு மாடு, மூன்று மருமகள்கள், ஓயாத டிவி என்று இருக்கும் வீடு அவருடையது. ஸ்கேலை நிறுத்திவிட்டு, “எனக்கு ஒரு தடவ அது வேணும்” என்றார்.

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அலசியதும் சிலிண்டர் வெள்ளை வெளேரென்று வந்தது. கீறல் ஏதுமில்லை. கடைக்காரர் சோதித்துப் பார்த்துக் காற்று அடைத்துக் கொடுத்தார்.

காவிரிப் படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில், என் கணவர் சிலிண்டரை அக்காவின் முதுகில் கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு, “மூச்சை அடக்காதீங்க, விட்டுக்கிட்டே இருங்க” என்று வாயில் குழாயை வைத்தார். அக்கா முங்கினார். நரைத்த கொண்டை மறைந்தது. குமிழிகள் மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தன. எழச் சொல்லி என் கணவர் அக்காவின் தோளைத் தட்டியபோது, தண்ணீருக்குள்ளிருந்தே ஒரு கை வந்து அவர் கையைத் தட்டிவிட்டது.

நான் கரையில் புடவையைச் செருகிக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன்.