கன்னத்து ஊசி

ஜாவாவில் தோல்பாவைக்கூத்து மேடைகளில் விடிய விடியப் பாடிய வார்சினெமுக்கு, இப்போது ஒரு வரி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இதய வால்வு ஒழுகுகிறது, எவ்வளவு ரத்தம் திரும்பிப் போகிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளந்த பிறகுதான் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

"உடம்புக்குள்ள இரும்பு, கம்பி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டாள் ஸ்கேன் அறைப் பெண்.

வார்சினெம் பக்கத்தில் நின்ற கணவன் வாகிமானைப் பார்க்காமலே சொன்னாள்: "கன்னத்துல ஒரு ஊசி இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி, பாக்குறவங்க மயங்கணும்னு மந்திரிச்சு ஏத்துனது."

"என்ன கலந்த ஊசியோ, ஸ்கேன் மிஷின்ல இருக்கிற காந்தம் இழுத்துட்டா? எடுத்துட்டு வாங்கம்மா."

"அத சாவுற நேரத்துலதான் எடுப்பாங்க, தாயி. உள்ள இருந்தா உசுரு பிரியாது."

'எடுத்துடு' என்று வாகிமான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் எடுத்திருப்பாள். அவனுக்கோ, இத்தனை வருஷம் மயங்கியது ஓர் ஊசிக்கா என்று எரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டான். வீட்டிலும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஸ்கேன் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் அவள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது, அவனே போய் மந்திரவாதியைக் கூட்டிவந்தான். ஊசி வெளியே வந்தது. மூச்சும் அடங்கியது.

வாகிமான் விளக்கைக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான்.

"அதே முகந்தான்டி," என்றான்.